கண்ணாடிக்குப் பின்னால் மூன்று சிவப்புப் புள்ளிகள்

முதலில் ஒரு பெருமையைச் சொல்லிக்கொள்கிறேன். பிறகு அதை நானே போட்டு உடைக்கிறேன். முப்பத்து நான்கு வருடம் இந்தத் துறையில் நிலவியலாளராக வேலை பார்த்தேன். நான் எழுதிய அறிக்கை ஒன்றுகூடத் திருத்தம் கேட்டுத் திரும்பி வந்ததில்லை. ஓய்வு பெற்ற அன்று மேடையில் இதைத்தான் சொன்னேன். அதற்குப் பிறகும் கல்யாண வீடானாலும் துக்க வீடானாலும் எப்படியாவது பேச்சை இழுத்துக்கொண்டு வந்து இதில்தான் முடிப்பேன். கல்கத்தாவில் லேக் கார்டன்ஸ் பகுதியில் என் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னைக் கண்டதும் வேகமாக நடப்பது இதனால்தான் என்று நந்தினி சொல்கிறாள்.

நந்தினி என்னிடம் கடைசியாகப் பயிற்சி பெற்றவள், இப்போது துறையில் புதிதாகச் சேர்ந்து பயிற்சியில் இருக்கும் உங்களுக்கு மூத்த அதிகாரி. பவானிபூரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். கோபம் வந்தால் வங்காளத்தில் பேசுவாள், பசி வந்தால் தமிழில் பேசுவாள். என்னை 'வசந்தாதி' என்பாள், வசந்தா அக்கா என்று அர்த்தம். இந்தக் கதையில் பாதி வேலை அவளுடையது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் விடமாட்டாள்.

போன மாதம் உங்கள் பயிற்சி வகுப்பில் பேச வந்தபோது, "உங்க சர்வீஸ்ல பெரிய வெற்றி எது மேடம்?" என்று உங்களில் ஒருவர் கேட்டீர்கள். நேரம் இல்லை, ஏதோ ஒரு தாதுவின் பெயரைச் சொல்லித் தப்பித்து விட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்தால் மனசு ஒப்பவில்லை. உண்மையான பதிலை இப்போது எழுதித் தருகிறேன். அந்த வெற்றி நான் ஓய்வு பெற்று ஆறு வருடம் கழித்துக் கிடைத்தது.

சென்ற குளிர்காலத்துக்கு முந்தின குளிர்காலம். நம் அலுவலக மேப் ரூமின் இரும்பு அலமாரியில் நூறு வருடத்துக்கு மேல் சுருண்டு கிடந்த ஒரு பெரிய வரைபடத்தைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தார்கள். மேற்கே உள்ள நிலக்கரிப் பகுதியின் நிலவியல் வரைபடம். துணியில் ஒட்டிய காகிதம்; ஆளுயரத்துக்கு மேல், ஒரு சுவரை அடைத்துக்கொண்டு நிற்கும். எந்தெந்த இடத்தில் என்ன பாறை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம், எல்லாம் கையால் பூசியது. சர்வேக்கு வந்தவர் காடுமேடெல்லாம் நடந்து, சங்கிலி போட்டு அளந்து வரைந்தது. நாமெல்லாம் சர்வீஸ் முழுக்கப் பயன்படுத்தியது அதன் அச்சுப் பிரதியைத்தான். மூலத்தை நான் அதுவரை கண்ணால் பார்த்ததில்லை.

திறப்பு விழா ஒரு சனிக்கிழமை காலை. என்னையும் கூப்பிட்டு, உத்தரீயம் போர்த்தி, முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். நான் என் பெருமையை மேடையில் ஒருமுறை சொல்லி முடித்தேன். கைதட்டினார்கள். பிறகு கூட்டத்தோடு கூட்டமாக வரைபடத்தின் முன்னால் போய் நின்றேன். நம் ஊர் ஜனங்களைப் பற்றித் தெரியுமே, எதைக் காட்டினாலும் குடும்பத்தோடு வரிசையில் நிற்பார்கள். ஒரு பெரியவர் தன் பேரனுக்கு ஹூக்ளி நதியைத் தேடிக்கொண்டிருந்தார். அந்த வரைபடத்தில் ஹூக்ளி கிடையாது. நான் சொல்லவில்லை, அவர் சந்தோஷமாகத் தேடட்டும் என்று விட்டுவிட்டேன்.

எனக்கு அதில் பார்க்க வேண்டியது ஒரே இடம்தான். மொஹுல்டாங்கா என்ற சின்ன ஊர். நான் முதன்முதலாகத் தனியாகக் கையெழுத்துப் போட்ட அறிக்கை அந்த ஊரைப் பற்றியது. எல்லோருக்கும் முதல் சம்பளம் மறக்காது, நமக்கு முதல் அறிக்கை. ஆசையாகத் தேடிக் கண்டுபிடித்தேன். ஓடை வளைகிற இடம், அதற்குப் பக்கத்தில் வெளிர் மஞ்சள் பூசிய மைதானம். அந்த மஞ்சளுக்கு நடுவில் மூன்று சிவப்புப் புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு குட்டிச் சிலுவைக் கோடு. ஓரத்தில் எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில் 'பழைய குழிகள்' என்று எழுதியிருந்தது.

அச்சுப் பிரதியில் அந்தப் புள்ளிகள் இல்லை. எனக்கு மனப்பாடம், அங்கே வெறும் மஞ்சள்தான். கண்ணாடியில் மூக்கு இடிக்கிற அளவு குனிந்தேன். காவலர் ஓடி வந்து, "மாசிமா, கண்ணாடியைத் தொடாதீங்க!" என்று சத்தம் போட்டார். மாசிமா என்றால் சித்தி. எனக்கு எதுவும் காதில் விழவில்லை.

ஏன் என்று சொல்லவேண்டுமென்றால் நாற்பது வருடம் பின்னால் போகவேண்டும். கொஞ்ச தூரம்தான், சட்டென்று திரும்பி விடலாம்.

இந்த ஊரில் இன்னும் ஒரு துர்கா பூஜாகூடப் பார்க்காதவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். மகாளயம் வந்துவிட்டால் கல்கத்தாவில் எந்த ஃபைலும் நகராது. ஆகவே மகாளயத்துக்கு முந்தின வாரம் எல்லா ஃபைலும் தலைதெறிக்க ஓடும். 'பூஜாவுக்கு முன்னாடி முடிச்சிடுங்க' என்று மேலேயிருந்து வரும், நாமும் முடித்து விடுவோம். அப்படி ஒரு வாரத்தில் என் மேஜைக்கு வந்ததுதான் மொஹுல்டாங்கா. ஊர் மைதானத்தில் பின்னால் ஏதாவது கட்டலாம் என்று நகராட்சி நினைத்தது. அடியில் பழைய நிலக்கரிக் குழிகள் உண்டா என்று கேட்டிருந்தார்கள். அந்தக் காலத்தில் கிணறு மாதிரித் தோண்டி, நிலக்கரி தட்டியதும் பக்கவாட்டில் குடைந்துகொண்டே போவார்கள். தண்ணீர் ஊறினால் அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். வாய் மண்மூடிப் புல் முளைத்துவிடும், அடியில் குகை அப்படியே இருக்கும்.

நான் போய் அரை நாள் அந்த மைதானத்தில் நடந்தேன். புல்லும் கால்பந்துக் கம்பமும்தான் இருந்தன. திரும்பி வந்து மேப் ரூமுக்குப் போனேன். அங்கே பொறுப்பில் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை, எப்போதும் ஏதாவது ஒரு வரைபடத்தை நீவிக்கொண்டு நிற்பார்.

"மூலத்தைப் பார்க்காம எழுதாதீங்க," என்றார் வங்காளத்தில். "அந்த அலமாரிச் சாவி பெரிய ஆபீசர்கிட்ட இருக்கு. அவர் லீவுல போயிட்டார். லட்சுமி பூஜை முடிஞ்சதும் வந்துடுவார்."

"அச்சுல வந்த மேப் இருக்கே, அது பொய்யா சொல்லும்?" என்றேன்.

"பொய் சொல்லாது. நகல் எடுத்தவனுக்கு அன்னிக்குப் பசிச்சிருக்கலாம். வீட்ல சண்டையா இருந்திருக்கலாம். ரெண்டு கோடு, நாலு புள்ளி விட்டுப் போயிருந்தா உங்களுக்கு எப்படித் தெரியும்? ரெண்டு வாரம் பொறுங்களேன்."

என்னால் பொறுக்க முடியவில்லை. ஏன் தெரியுமா? அன்று மாலை ஐந்து மணிக்குள் பவானிபூர் தையல்காரரிடம் போய் ப்ளவுஸ் வாங்கவேண்டும். விட்டால் கடையைப் பூட்டிவிடுவார், பூஜா தொடங்கும் சப்தமிக்குப் புதுப் புடவை கட்ட முடியாது. சிரிக்காதீர்கள், நிஜமாகவே அவ்வளவுதான் காரணம். "உங்களுக்கு எல்லாத்துலயும் சந்தேகம்" என்று அவரிடம் சுள்ளென்று சொல்லிவிட்டு மாடிக்கு வந்து, 'இந்த நிலத்தடியில் பழைய சுரங்க வேலை எதுவும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். 'அச்சுப் பிரதியில் இல்லை, மூலம் பார்க்கப்படவில்லை' என்று எழுதியிருந்தால் அது நேர்மை. அது எனக்குத் தெரியும். ஆனால் அப்படி எழுதினால் ஃபைல் திரும்பி வந்துவிடுமே என்று பயம். ப்ளவுஸும் கைக்குழி இறுக்கமாகத்தான் இருந்தது.

சரி, திரும்பி வாருங்கள். நாற்பது வருடம் கழித்து, கழுத்தில் உத்தரீயத்தோடு, மூன்று சிவப்புப் புள்ளிகளுக்கு முன்னால் நிற்கிறேன். நகராட்சி அங்கே எதுவும் கட்டவில்லை, கால்பந்து மைதானமாகவே கிடக்கிறது என்று எப்போதோ கேள்விப்பட்டிருந்தேன். அந்த நம்பிக்கையில் நந்தினியைக் கூப்பிட்டு, ஃபோனில் அந்த இடத்தின் செயற்கைக்கோள் படத்தைப் பார்க்கச் சொன்னேன்.

அவள் விரலால் பெரிதாக்கினாள். வாயிலிருந்து வங்காளத்து 'அய்யோ' வந்தது. "ஏ மா! வேலி போட்டிருக்காங்க வசந்தாதி. மணல் குவிச்சிருக்கு. பள்ளம் வெட்டியிருக்காங்க, நீளநீளமா."

அரை மணி நேரத்தில் நகராட்சி இன்ஜினியரின் எண்ணைப் பிடித்துவிட்டாள். பெண்கள் பள்ளிக்கு மூன்று மாடிக் கட்டடம் என்றார் அவர். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அஸ்திவாரக் கான்கிரீட். ஃபோனை என்னிடம் கொடுத்தாள். நிலத்தடியைச் சோதித்தீர்களா என்று கேட்டேன்.

"மூணு மீட்டர் துளை போட்டோம் மேடம், பாறை தட்டிச்சு, நிறுத்திட்டோம்," என்றார். "அதுக்குமேல தேவைப்படல. உங்க டிபார்ட்மென்ட் அறிக்கையே இருக்கு. 'எதுவும் இல்லை'ன்னு ரொம்பத் தெளிவா எழுதியிருக்காங்க."

அடுத்த பத்து நிமிடம்தான் என் சர்வீஸிலேயே கஷ்டமான பத்து நிமிடம், அதுவும் சர்வீஸ் முடிந்த பிறகு. நந்தினி, "டிபார்ட்மென்ட் பேர்ல ஒரு மெயில் அனுப்பிடலாமா?" என்று கேட்டாள். நல்ல யோசனை. 'மூல வரைபடத்தில் சில குறிகள் காணப்படுகின்றன, மேலும் ஆய்வு விரும்பத்தக்கது.' யார் எழுதிய அறிக்கை, யார் பார்க்காமல் விட்டது என்ற பேச்சே வராது. என் பெருமை அப்படியே இருக்கும். எனக்கு ஆசையாகத்தான் இருந்தது, மறைக்க மாட்டேன். பக்கத்தில் நாலைந்து பேர் என்னோடு போட்டோ எடுக்கக் காத்திருந்தார்கள்.

ஆனால் மெயிலை யார் ஞாயிற்றுக்கிழமை படிப்பார்கள்? திங்கட்கிழமை கான்கிரீட் கொட்டியாகிவிடும். கொட்டிய பிறகு யாரும் நிறுத்த மாட்டார்கள், அதுவும் எனக்குத் தெரியும். நான் எழுதிய ஒரு வாக்கியத்தின் மேல் பள்ளிக்கூடம் ஏறப்போகிறது. "மெயில் வேண்டாம்," என்றேன். "காலைல ஹவுராவுலேருந்து முதல் வண்டிக்கு டிக்கெட் போடு. அப்படியே ஃபீல்டு கேம்ப்புல யார் இருக்காங்கன்னு பாரு. துளை போடற வண்டி ஒண்ணு வேணும்."

வருவதாக முன்பே சொல்லியிருந்ததால், மறுநாள் காலை மொஹுல்டாங்காவில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஒருவர் ஃபோனில் பேசிய இன்ஜினியர், தீபங்கர் என்ற முப்பது வயதுப் பையன். இன்னொருவர் பள்ளியின் தலைமையாசிரியை. வங்காளத்துப் பெண்கள் பள்ளிகளில் தலைமையாசிரியையைப் 'பொர்தி' என்பார்கள், பெரியக்கா. ஊரே அந்த அம்மாவை அப்படித்தான் கூப்பிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார்.

"பதினாறு வருஷம்! பதினாறு வருஷமா ஓடு சரியற கொட்டகையில ரெண்டு ஷிஃப்ட்டா பள்ளிக்கூடம் நடத்தறேன். மழை வந்தா பாதிப் பிள்ளைங்க குடையோட உட்கார்ந்து எழுதும். எத்தனை பேர் வாசல்ல நின்னு இந்தக் கட்டடத்தை வாங்கினேன் தெரியுமா உங்களுக்கு? கல்கத்தாவுல ஏதோ எக்சிபிஷன்ல படம் பார்த்தீங்களாம், உடனே நிறுத்தணுமாம்!"

அவர் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை.

தீபங்கர் ஃபைலைப் பிரித்து என் அறிக்கையைக் காட்டினான். மஞ்சளாகிப்போன காகிதம், என் இளமைக்காலக் கையெழுத்து, வாலில் ஒரு சுழிப்போடு. "இதுல இல்லைன்னு எழுதியிருக்கு. நீங்க இருக்குங்கறீங்க. நான் எதை நம்பறது?"

"அதை எழுதினவளை நம்பு," என்றேன். "அந்தக் கையெழுத்து என்னோடது. மூலத்தைப் பார்க்காம எழுதினேன். தப்பு என்னோடது."

அவனிடம் ஒரு வெள்ளைத்தாள் வாங்கி, அங்கேயே ஜீப்பின் பானெட்டில் வைத்து எழுதினேன்: 'இன்ன தேதியிட்ட என் அறிக்கையைத் திரும்பப் பெறுகிறேன்.' நந்தினி சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். ஓய்வு பெற்றவளுக்கு ஒரு செங்கல்லை நிறுத்தவும் அதிகாரம் கிடையாது. ஆனால் எழுதியவளே வேண்டாம் என்று எழுதிக்கொடுத்த அறிக்கையை வைத்துக்கொண்டு எந்த இன்ஜினியரும் கான்கிரீட் கொட்டக் கையெழுத்துப் போடமாட்டான். தீபங்கருக்கும் அது தெரியும். முகம் வெளுத்துவிட்டது.

"மேடம், இதை நான் வாங்கி முத்திரை குத்தினா இந்தக் கட்டடம் அஞ்சு வருஷத்துக்கு வராது. மறுபடி மொதல்லேருந்து எல்லா ஆபீஸும் ஏறி இறங்கணும்."

பொர்தி என்னையே பார்த்தார். கண் கலங்கியிருந்தது. அவர் கத்தியபோது எனக்குத் தாங்கமுடிந்தது. அந்தப் பார்வையைத்தான் தாங்கமுடியவில்லை.

"இன்னும் குத்தாதே," என்றேன். "மூணு புள்ளி, மூணு துளை. சாயங்காலம் வரைக்கும் டைம் குடு. ஒண்ணும் இல்லேன்னா நானே இந்தக் கடிதத்தைக் கிழிச்சுப் போடறேன். இருந்தா, எங்க கட்டலாம்னு சொல்லாம இங்கேருந்து போகமாட்டேன்."

ஃபீல்டு கேம்ப்பில் பொறுப்பில் இருந்தவன் என்னிடம் திட்டு வாங்கி வளர்ந்தவன். காரணம்கூடக் கேட்காமல் வண்டியை அனுப்பிவிட்டான். பதினோரு மணிக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை அல்லவா, கால்பந்து ஆட முடியாத ஊர் முழுக்க எங்களைப் பார்க்க வந்துவிட்டது. முதல் காரியமாகக் கயிறு கட்டி எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னேன். வரைபடத்தைக் கண்ணாடிக்கு வெளியேயிருந்து நந்தினி எடுத்த போட்டோவை வைத்து, ஓடை வளைவிலிருந்து அளந்து முதல் இடத்தைக் குறித்தோம்.

முதல் துளை இருபது மீட்டர் போனது. முழுக்கக் கெட்டிப் பாறை. இரண்டாவதும் இருபது மீட்டர். அதுவும் கெட்டிப் பாறை. மணி மூன்று. கூட்டத்தில் சிரிப்பு ஆரம்பித்தது. யாரோ ஒருவர், "மாசிமா, பெட்ரோல் வந்தா சொல்லுங்க!" என்று குரல் கொடுத்தார். தீபங்கர் வாட்சைப் பார்த்தான். பொர்தி முந்தானையைத் தோளில் இறுக்கிக்கொண்டார்.

மிச்சம் ஒரே ஒரு துளை. நந்தினி உடனே போடலாம் என்றாள். நான் வண்டியை நிறுத்தச் சொல்லி, டீ வாங்கிக்கொண்டு மணல் குவியலில் உட்கார்ந்தேன். எல்லோரும் நம்மையே பார்க்கும்போது உட்காருவது ரொம்பக் கஷ்டம், ஆனால் உட்காரத்தான் வேண்டும். குளிரில் மண் குடுவையைக் கையில் உருட்டிக்கொண்டே என்னைக் கேட்டுக்கொண்டேன்: அன்றைக்கு என்ன தப்புச் செய்தாய்? கைக்கு எளிதாகக் கிடைத்ததை நம்பினாய். இன்றைக்கு என்ன செய்துகொண்டிருக்கிறாய்? போட்டோவில் பளிச்சென்று தெரிந்த ஓடையை நம்பி அளக்கிறாய். அடிப்பாவி, ஓடை என்றைக்கு ஒரே இடத்தில் ஓடியது!

எழுந்து பொர்தியிடம் போனேன். அவர் அதே ஊரில் பிறந்தவர். "இந்த ஓடை எப்பவும் இங்கயேதான் ஓடிச்சா?"

பேச மாட்டார் என்றுதான் நினைத்தேன். ஆனால் கையை நீட்டிக் காட்டினார். "இல்ல. எனக்கு ஏழெட்டு வயசிருக்கும். பெரிய வெள்ளம் வந்து திசை மாத்திடுச்சு. பழைய ஓடை அதோ, அந்த ஈச்சமரத்துக்கு அந்தப் பக்கம் போகும்."

அப்படியென்றால் எங்கள் அளவெல்லாம் அத்தனை தூரம் தள்ளிப்போயிருக்கிறது. வெள்ளம் வந்தாலும் நகராத அடையாளம் ஒன்று வேண்டும். வரைபடத்தில் அந்த மைதானத்தின் வடக்கு ஓரமாக ஒரு மெல்லிய கரும்பச்சைக் கோடு ஓடும். பூமிக்குள்ளிருந்து சுவர் மாதிரி எழும்பி நிற்கும் கருங்கல் முகடு அது. நிமிர்ந்து பார்த்தேன். அங்கேயே இருந்தது. அதன்மேல் ஆறேழு ஆடுகள் படுத்திருந்தன. காலையிலிருந்து அந்த ஆடுகளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்!

நந்தினி அங்கே ஓடி, ஆடுகளை விரட்டி, முகட்டின் முனையிலிருந்து நாடாவைப் பிடித்தாள். பழைய சர்வேக்காரரும் அங்கேயிருந்துதான் அளந்திருக்க வேண்டும். ஓடை எங்கே வரவேண்டும் என்று அந்த அளவு சொன்னதோ அங்கே அச்சாகப் பொர்தியின் ஈச்சமரம் நின்றது. மூன்றாவது புள்ளி விழுந்த இடம் வெட்டி வைத்திருந்த பள்ளத்துக்குள். "என்ன ரூம் இது?" என்று கேட்டேன். "அஞ்சாம் கிளாஸ்," என்றார் பொர்தி.

வண்டியை முகட்டுப் பக்கமாக, கெட்டித் தரையில், பலகை போட்டு நிறுத்தச் சொன்னேன். கயிற்றை இன்னும் பின்னால் தள்ளினேன். துளை ஆரம்பித்தது. மூன்று மீட்டரில் பாறை. அவர்கள் நிறுத்திய இடம். நாலு. ஐந்து. ஆறு. தீபங்கர் என் பக்கத்தில் வந்து நின்று வாய்க்குள் எண்ணினான். ஏழு மீட்டரில் சத்தம் மாறியது. அடுத்த நொடி கம்பி தானாகவே சர்ரென்று கீழே விழுந்தது, இரண்டு ஆள் உயரத்துக்கு. துளையிலிருந்து பழைய கிணற்று நாற்றத்தோடு ஈரக்காற்று மேலே வந்தது.

"ஃபாங்கா!" என்று கத்தினார் துளை வண்டியை இயக்கிய மிஸ்திரி. "கீழே ஃபாங்கா!" வெறும் வெற்றிடம்.

நான் குதித்தேன். அறுபத்தாறு வயதில், சால்வை ஒருபக்கம் செருப்பு ஒருபக்கம் போக, "ஜெயிச்சுட்டோம்டி!" என்று நந்தினியைக் கட்டிக்கொண்டு குதித்தேன். அவள் ஃபோனில் வீடியோ இருக்கிறது. தயவுசெய்து காட்டச் சொல்லாதீர்கள். பெட்ரோல் கேட்ட ஆள் கைதட்ட ஆரம்பித்தார். ஊரே தட்டியது. என் சர்வீஸ் முழுக்க வாங்கிய கைதட்டலெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

பொர்தி மட்டும் தட்டவில்லை. மெதுவாக மணல் குவியலில் உட்கார்ந்தார். "அஞ்சாம் கிளாஸ்தான் இருக்கறதுலேயே சின்னப் பிள்ளைங்க. மாடி ஏற வேண்டாம்னு நான்தான் கீழ போடச் சொன்னேன்," என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை. பிறகு தலைமையாசிரியையாக எழுந்து நின்றார். "சரி. இப்ப எங்க கட்டறது? சொல்லாம போகமாட்டேன்னு சொன்னீங்க."

இரண்டு மணி நேரமாக எனக்குத் தெரியாமலே அந்தப் பதில் கையில் இருந்திருக்கிறது. ஊரே பார்த்துச் சிரித்த முதல் இரண்டு துளைகளையும் காட்டினேன். "அங்கே கட்டுங்க. இருபது மீட்டருக்குக் கெட்டிப் பாறை. இந்த ஊர்லயே அடியில என்ன இருக்குன்னு நல்லாத் தெரிஞ்ச இடம் அது ரெண்டுதான்."

தீபங்கர் வாய்விட்டுச் சிரித்தான். என் கடிதத்தை வாங்கி அவனே முத்திரை குத்தினான். அதோடு அன்றைய துளைக் கணக்குகளையும் சேர்த்து மேலே அனுப்பினான். காரணமும் தீர்வும் ஒரே உறையில் போனதால் ஐந்து வருடம் ஆகவில்லை. திங்கட்கிழமை வந்த கான்கிரீட் வண்டிகள் திரும்பிப் போயின. கட்டடத்தின் வரைபடத்தை அப்படியே மைதானத்தின் கிழக்கே நகர்த்தினார்கள், இரண்டாவது மாதம் வேலை தொடங்கியது. குழிகள் இருந்த பக்கத்தை நிரப்பி வேலி போட்டார்கள்.

உங்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். தப்பு எல்லோரும் செய்வீர்கள், அதற்கு நான் ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை. முதல் பூஜாவுக்கு முந்தின வாரம் உங்கள் மேஜைக்கும் ஒரு மொஹுல்டாங்கா வரும். பார்க்காததைப் பார்க்கவில்லை என்று எழுதுங்கள், ஃபைல் திரும்பி வந்தால் வரட்டும். அதையும் மீறித் தப்பாகிவிட்டால், மெயில் அனுப்பிவிட்டு உட்காராதீர்கள். முதல் வண்டியைப் பிடியுங்கள். கையெழுத்துப் போட்ட ஆள் நேரில் போய் நின்றால் அதற்கு ஒரு பலம் இருக்கிறது. மேப் ரூமில் நின்றுகொண்டே வேலை பார்த்த அந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய்க்கவில்லை, அவர் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. அது ஒன்றுதான் இன்னும் உறுத்துகிறது.

இந்தக் குளிர்காலத்தில் ஒரு நாள் வரைபடத்தின் முன்னால் நான் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது வாரத்தில் இரண்டு நாள் அதுதான் எனக்கு வேலை. வாசலில் ஒரு பஸ் வந்து நின்றது. சிவப்பு பார்டர் புடவையில் பொர்தி இறங்கினார், பின்னால் நாற்பது பெண்கள், புதுச் சீருடையில். ஐந்தாம் வகுப்பு. மொஹுல்டாங்காவைக் காட்டினேன். நாற்பது தலையும் கண்ணாடியில் மோதியது. பழைய காவலர் ஓடி வந்து, என்னைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டுத் திரும்பிப் போனார்.

ரெட்டைச் சடை போட்ட ஒரு குட்டிப் பெண் என்னை அண்ணாந்து பார்த்து, "திதா, நீங்க தப்புப் பண்ணின இடம் எது?" என்று வங்காளத்தில் கேட்டாள். திதா என்றால் பாட்டி. பொர்தி அவள் வாயைப் பொத்தப் போனார். நான் தடுத்துவிட்டு, மூன்று சிவப்புப் புள்ளிகளையும் விரல் வைத்துக் காட்டினேன்.

"ஏ மா, இத்தனூண்டு!" என்றாள். பிறகு புள்ளிகளுக்குப் பக்கத்திலேயே, வெறும் மஞ்சளாக இருந்த இடத்தில், தன் விரலை வைத்து அழுத்தினாள். "அப்ப எங்க கிளாஸ் இங்கே."

இப்போதும் கல்யாண வீடுகளில் நான் பெருமையடித்துக்கொள்வதை விடவில்லை. வாக்கியத்தை மட்டும் மாற்றியிருக்கிறேன். முப்பத்து நான்கு வருடத்தில் நான் எழுதிய அறிக்கைகளில் ஒன்றே ஒன்றுதான் திரும்பி வந்தது. நானே போய் வாங்கிக்கொண்டு வந்தேன்.